மருந்து செய்யக் கை இருக்கிறது, சோதித்துப் பார்க்க நுரையீரல் இல்லை

பெறுநர்: உயிரித் தொழில்நுட்பத் துறை மற்றும் அதன் பைராக் அமைப்பு, புதுதில்லி
நகல்: கர்நாடக, தமிழ்நாடு சுகாதாரத் துறைகள்

மதிப்பிற்குரிய அதிகாரிகளுக்கு, வணக்கம்.

பெங்களூரின் தெற்குக் கோடியில், பொம்மசந்திரா–ஜிகணி இணைப்புச் சாலைப் பக்கம் உள்ள ஓர் ஒப்பந்த ஆய்வகத்தில் மருந்து வேதியியலாளராக வேலை பார்க்கிறேன். உறுப்புகளில் தழும்பு ஏறிக் கெட்டியாகும் ஃபைப்ரோசிஸ் நோய்களுக்கும் புற்றுநோய்க்கும் சிறு மூலக்கூறு மருந்துகளைக் கட்டிப் பார்ப்பது எங்கள் பிழைப்பு. சிறு மூலக்கூறு என்றால் பெரும்பாலும் ஊசி வேண்டாத, மாத்திரையாக விழுங்கக்கூடிய சங்கதி. இந்தக் கடிதத்தின் ஆங்கில வடிவம் உங்கள் அலுவலகத்துக்குத் தனியாக வருகிறது. நான் யார் பெயரைச் சொல்லிப் பணம் கேட்கிறேனோ அவர்களில் நிறையப் பேர் ஓசூரிலும் ஜிகணியிலும் தங்கவயலிலும் இருக்கும் தமிழர்கள். என்ன கேட்கிறேன் என்று அவர்களும் படிக்கட்டும் என்றுதான் தமிழில் பொதுவில் வைக்கிறேன்.

கோப்பு படிப்பவர்களுக்கு நேரம் குறைவு என்பதால் கேட்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். புது மூலக்கூறு செய்ய இன்னொரு மானியத் திட்டம் இப்போதைக்கு வேண்டாம். தழும்பேறிய மனித நுரையீரல் திசு, உயிர் போகாமல், நோயாளியின் முறையான சம்மதத்தோடு, கேட்கும் ஆய்வகத்துக்குக் கிடைக்கும்படி ஒரு பொது ஏற்பாடு செய்து கொடுங்கள். கூடவே, கல் தூசியால் நுரையீரல் கெட்டவர்களை வருடா வருடம் ஊதவைத்து அளவு எடுத்து வைக்கும் ஒரு பதிவேடு. இந்த இரண்டும் இருந்தால் பெங்களூரில் உள்ள கைகள் மீதி வேலையைப் பார்த்துக்கொள்ளும்.

அந்தக் கைகளைப் பற்றிக் கொஞ்சம் சொல்கிறேன். எங்கள் வேலை உங்கள் கணக்கில் ஆய்வுச் சேவை ஏற்றுமதி என்று வரும். பக்கத்தில் வந்து பார்த்தால், வெளிநாட்டுக் கம்பெனி ஒன்று ஒரு கட்டமைப்பை வரைந்து அனுப்பியிருக்கும். ஃபியூம் ஹுட் என்ற, புகையை உறிஞ்சும் கண்ணாடிக் கூண்டுக்குள் எட்டுப் பத்து படிகளில் அதைக் கட்டுவோம். ஒவ்வொரு படியிலும் டி.எல்.சி. தட்டில் புள்ளி நகர்ந்திருக்கிறதா என்று யு.வி. விளக்கில் பார்ப்போம். கண்ணாடிக் குழாயில் சிலிக்கா ஜெல் நிரப்பிக் கலவையைப் பிரித்து, ரோட்டாவேப்பில் கரைப்பானை ஓட்டிவிட்டு, குடுவையின் அடியில் ஒட்டிக்கொண்டிருக்கும் வெள்ளைப் பொடியைச் சுரண்டி எடுப்போம். என்.எம்.ஆர்., எல்.சி.எம்.எஸ். என்ற சோதனைகள் இரண்டும் சரியாக வந்து தூய்மை 95 சதவீதத்தைத் தாண்டினால், இருபது மில்லிகிராம் பழுப்புக் குப்பிக்குள் போய், பார்கோடு ஒட்டி, கூரியரில் கிளம்பிவிடும். அது எந்தப் புரதத்தை அடிக்கப் போகிறது, எந்த நோய்க்கு என்பது பல நேரம் எங்களுக்குச் சொல்லப்படாது. வருடங்கள் கழித்து யாரோ ஒருவருடைய காப்புரிமையில் தன் கையால் செய்த கட்டமைப்பைப் பார்த்து "அட, இதுக்கா" என்றவர்கள் எங்கள் கேன்டீனில் உண்டு.

ஆக, மூலக்கூறு கட்டும் திறமைக்கு இந்த ஊரில் பஞ்சமில்லை. ஹெப்பாளில் அஸ்ட்ராஜெனகா தன் ஆய்வு மையத்தை மூடுவதாக 2014-ல் அறிவித்தபோது வெளியே வந்தவர்கள் சும்மா இருக்கவில்லை. அவர்களில் சிலர் தொடங்கிய பக்வொர்க்ஸ் இன்று கிருமிகளுக்கு எதிரான புது மருந்துகளில் பேசப்படும் பெயர். ஜி.கே.வி.கே. வளாகத்தில் சி-கேம்ப், என்.சி.பி.எஸ்., இன்ஸ்டெம் என்ற உயிரியல் ஆய்வு அமைப்புகள் மூன்றும் ஒரே வேலிக்குள் இருக்கின்றன. கல்லூரிக் காலத்திலிருந்து பெஞ்சைத் தவிர வேறு எதுவும் தெரியாத ஆயிரக்கணக்கான எம்.எஸ்சி. வேதியியல் பிள்ளைகள், மதுரையிலிருந்தும் திருச்சியிலிருந்தும் வந்து எலக்ட்ரானிக் சிட்டிப் பக்கம் பி.ஜி.யில் தங்கி வேலை பார்க்கிறார்கள்.

பிறகு என்ன குறை? அதற்கு இந்த நோயைப் பற்றிப் பேச வேண்டும்.

காயம் பட்டால் உடம்பு கொலாஜன் போட்டு அடைக்கிறது. டி.ஜி.எஃப்-பீட்டா என்ற சமிக்ஞைப் புரதம் ஃபைப்ரோபிளாஸ்ட் செல்லைத் தட்டி எழுப்புகிறது. அது இழுத்துச் சுருங்கும் வலு கொண்ட வேறொரு செல்லாக மாறி, நாராக நாராகக் கொலாஜனைக் கக்குகிறது. காயம் ஆறியதும் அந்தச் செல்கள் ஒழிந்துபோக வேண்டும். ஒழியாமல் நின்று வேலையைத் தொடர்ந்தால் அதுதான் ஃபைப்ரோசிஸ். விரிசல் பூச வந்த கொத்தனார் பூசி முடித்தும் போகாமல் சன்னல், கதவு எல்லாவற்றையும் சேர்த்துப் பூசுவது மாதிரி. இதில் ஒரு விஷச் சுழலும் உண்டு. டி.ஜி.எஃப்-பீட்டா திசுவின் நார்களிலேயே பூட்டிவைக்கப்பட்டிருக்கும். இன்டெக்ரின் என்ற கொக்கிகள் இழுக்கும்போது பூட்டு திறக்கும். திசு கெட்டியாக ஆக இழுப்பு கூடும், இழுப்பு கூடக் கூட டி.ஜி.எஃப்-பீட்டா இன்னும் வெளியே வரும்.

புற்றுநோய்க்கும் இதற்கும் உள்ள உறவை 1986-லேயே ஹெரால்டு டுவோராக் என்ற நோய்க்கூறியலாளர் சொல்லிவிட்டார், கட்டி என்பது ஆறாத புண் என்று. கல்லீரல் புற்றுநோயில் பத்தில் எட்டுக்கு மேல் ஏற்கெனவே சுருங்கிப்போன ஈரலில்தான் முளைக்கிறது. நுரையீரல் தழும்பேறியவர்களுக்கு நுரையீரல் புற்று வரும் வாய்ப்பு மற்றவர்களைவிட அதிகம். கணையப் புற்றுக் கட்டியை வெட்டிப் பார்த்தால் பாதிக்கு மேல் தழும்புத் திசுவாகவே இருப்பது சாதாரணம். அதனால் ஒரு நோய்க்குச் செய்த மருந்தை இன்னொன்றில் போட்டுப் பார்க்கும் ஆசை எங்கள் துறையில் எல்லோருக்கும் உண்டு.

ஒருமுறை அந்த ஆசை பலித்தது. போரிங்கர் இங்கல்ஹைம் கம்பெனி கட்டிக்குள் ரத்தக்குழாய் வளர்வதைத் தடுக்கவென்று செய்த நின்டெடனிப், இன்னதென்று காரணம் தெரியாமல் நுரையீரலில் தழும்பேறும் நோயான ஐ.பி.எஃப்.பிலும் வேலை செய்தது. 2014 அக்டோபர் 15 அன்று அமெரிக்காவின் எஃப்.டி.ஏ. அதையும் பிர்ஃபெனிடோனையும் ஒரே நாளில் அனுமதித்தது. பிர்ஃபெனிடோன் ஜப்பானில் 2008-லேயே வந்துவிட்டது. இந்தியாவில் சிப்லா 2010-ல் விற்கத் தொடங்கியது. இந்த ஒரு விஷயத்தில் நம் நோயாளிகள் அமெரிக்கர்களை முந்திக்கொண்டார்கள்.

இரண்டுமே நோயைத் திருப்புவதில்லை, சறுக்கும் வேகத்தைக் குறைக்கின்றன. நின்டெடனிப்பின் பெரிய பரிசோதனை ஒன்றில், மருந்தில்லாதவர்கள் ஒரு வருடத்தில் மூச்சுக் கொள்ளளவில் சுமார் 240 மில்லி இழந்தார்கள், மருந்து சாப்பிட்டவர்கள் சுமார் 115 மில்லி. அதற்கு விலையாகப் பத்தில் ஆறு பேருக்கு வயிற்றுப்போக்கு. பிர்ஃபெனிடோன் சாப்பிடுபவர்கள் வெயிலில் போனால் தோல் சிவந்து எரியும். இன்னொரு வேடிக்கை, பிர்ஃபெனிடோன் சரியாக எந்தப் புரதத்தைப் பிடிக்கிறது என்பது இன்றும் தெளிவில்லை. அதன் மூலக்கூறு எடை 185. நின்டெடனிப்பின் எடை 540. மாத்திரையாகும் மூலக்கூறு 500-க்குள் இருப்பது நல்லது என்று 1997-ல் லிபின்ஸ்கி வகுத்த விதியை எங்களுக்கு முதல் வாரத்திலேயே சொல்லிக்கொடுப்பார்கள். இந்த இரண்டில் ஒன்று அந்த விதியை மீறியது, மற்றது இலக்கே இல்லாமல் வந்தது. பாடப்புத்தகப்படி நடக்கிற துறை இல்லை இது.

ஆசை பலிக்காத கதைகள்தான் அதிகம். ரத்தப் புற்றில் வரலாறு படைத்த இமாட்டினிப், தழும்புச் செல்லைத் தூண்டும் பி.டி.ஜி.எஃப். ஏற்பியையும் தடுக்கும். காகிதத்தில் அருமையான யோசனை. ஐ.பி.எஃப். நோயாளிகள் 119 பேரிடம் சோதித்து 2010-ல் வெளியிட்டார்கள், ஒரு பலனும் இல்லை. கணையப் புற்றில் எதிர்த்திசையில் போனார்கள். தழும்பைக் கரைத்தால் கீமோ உள்ளே போகும் என்று எலியில் கண்டு, ஹெட்ஜ்ஹாக் என்ற செல் சமிக்ஞைப் பாதையைத் தடுக்கும் சாரிடெகிப் என்ற மருந்தை மனிதர்களுக்குக் கொடுத்தார்கள். மருந்து வாங்கியவர்கள் வாங்காதவர்களைவிட மோசமானதால் 2012-ல் நிறுத்த வேண்டி வந்தது. தழும்பு சில இடங்களில் கட்டியைச் சுற்றி வேலி போலவும் நிற்கிறது என்பது அதற்குப் பிறகுதான் புரிந்தது. ஆட்டோடாக்சின் நொதியைத் தடுக்கும் சிரிட்டாக்செஸ்டாட், 1,300-க்கும் மேற்பட்டவர்களைச் சேர்த்த மூன்றாம் கட்டத்தில் 2021-ல் விழுந்தது. இன்டெக்ரின் கொக்கியை நேராகப் பிடிக்கும் பெக்சோடெகிராஸ்ட் 2025-ல் விழுந்தது. நான் அதிகம் நம்பியிருந்தது அதைத்தான்.

மருந்தே ஆளைக் கொன்ற கதையும் உண்டு. பிரெட்னிசோன், அசத்தையோபிரின், என்-அசிட்டைல்சிஸ்டீன் மூன்றையும் சேர்த்துக் கொடுப்பதுதான் ஐ.பி.எஃப்.புக்கு வழக்கமான வைத்தியமாக இருந்தது. முறையாகச் சோதித்தபோது, மும்மருந்துக் குழுவில் எட்டுப் பேர் இறந்தார்கள், வெற்று மாத்திரைக் குழுவில் ஒருவர். அந்தப் பகுதியை 2011-ல் பாதியிலேயே நிறுத்தினார்கள். அதுவரை உலகம் முழுக்க நல்லெண்ணத்தோடு அந்த மும்மருந்தை எழுதிக்கொண்டிருந்தார்கள்.

2014-க்குப் பிறகு ஐ.பி.எஃப்.புக்கு அடுத்த புது மருந்து வர 2025 அக்டோபர் ஆயிற்று, நெரான்டோமிலாஸ்ட். பதினோரு வருடம்! இதே இடைவெளியில் புற்றுநோய்க்குக் கைனேஸ் என்ற நொதிகளைத் தடுக்கும் மருந்துகள் எத்தனை வந்தன என்று எண்ணவே முடியாது. கல்லீரல் பக்கம் கொஞ்சம் வெளிச்சம் உண்டு. கொழுப்பீரலில் தழும்பு ஏறியவர்களுக்கு ரெஸ்மெட்டிரோம் 2024 மார்ச்சில் அமெரிக்காவில் வந்தது. அதற்கு முன்பே, சைடஸ் கம்பெனியின் சரோகிளிட்டசார் 2013-ல் இங்கே சர்க்கரை நோயாளிகளின் கொழுப்புக் கோளாறுக்கு வந்து, 2020-ல் கொழுப்பீரல் அழற்சிக்கும் அனுமதி பெற்றது. முதல் வரைபடத்திலிருந்து மருந்துக்கடை வரை இந்தியாவிலேயே நடந்த வேலை அது. நம்மால் முடியாது என்பவர்களிடம் இதைச் சொல்லிவிட்டு அடுத்த வேலையைப் பார்க்கலாம்.

சரி, ஏன் இத்தனை தோல்வி? என் பதில் ஒன்றுதான். எலி.

நுரையீரல் தழும்பு மருந்துகளில் பெரும்பாலானவை முதலில் பாஸாவது ப்ளியோமைசின் கொடுத்த எலியில்தான். ப்ளியோமைசின் புற்றுநோய் மருந்து. நுரையீரலைத் தழும்பாக்குவது அதன் பக்கவிளைவு. அந்தப் பக்கவிளைவை வைத்தே எலிக்கு நோய் வரவழைக்கிறார்கள். மூச்சுக்குழாயில் ஒரு சொட்டு விட்டால் இரண்டு மூன்று வாரத்தில் தழும்பு தயார். பிறகு அந்த எலியைச் சும்மா விட்டால் பெரும்பாலும் தானாகவே ஆறிவிடும்! மனிதனுக்கு வருவது ஆறாது. கண்டறிந்ததிலிருந்து பாதிப்பேர் மூன்று முதல் ஐந்து ஆண்டுக்குள் போய்விடுகிறார்கள். தானே ஆறப் போகிற நோயில் வேலை செய்த மருந்தை, ஆறவே ஆறாத நோய்க்குக் கொண்டுபோகிறோம்.

எங்கள் உயிரியல் குழு அந்த எலிகளின் நுரையீரலை மெல்லியதாகச் சீவி, மேசன் சாயம் ஏற்றிக் கண்ணாடியில் கொண்டுவரும். நல்ல நுரையீரல் வலைத்துணி போல இருக்கும், வெற்றிடம்தான் அதிகம். கொலாஜன் நீலமாகப் பிடிக்கும். ப்ளியோமைசின் எலியில் அந்த நீலம் மூச்சுக்குழாயை ஒட்டித் திட்டுத் திட்டாக, சும்மா சிந்திய மை போலக் கிடக்கும். ஆஷ்கிராஃப்ட் அளவுகோலில் பூஜ்யத்திலிருந்து எட்டு வரை மதிப்பெண் போட்டு, ஐந்து மூன்றானால் கைதட்டுவோம். மனிதனின் ஐ.பி.எஃப். திசுவை நான் ஒரு மருத்துவக் கல்லூரியின் நுண்ணோக்கியில் பார்த்தபோது அது வேறு பிராணியாக இருந்தது. நுரையீரலின் வெளி ஓரத்திலிருந்து உள்ளே வரும் கனத்த நீலப் பாளங்கள், நடுநடுவே தேனடை போலப் பெரிய ஓட்டைகள், ஓட்டையின் சுவரில் சளி சுரக்கும் செல்கள். பக்கத்திலேயே ஒரு பகுதி சுத்தமாக ஆரோக்கியமாக. எலி இதில் எதையும் காட்டாது.

இப்போதெல்லாம் ஏ.ஐ. எல்லாவற்றையும் தீர்த்துவிடும் என்று கருத்தரங்குகளில் பேசுகிறார்கள். டி.என்.ஐ.கே. என்ற கைனேஸை இலக்காகக் கண்டுபிடித்ததும், அதற்கு ரென்டோசெர்டிப் என்ற மூலக்கூறை வடிவமைத்ததும் கணினிதான். சீனாவில் 71 பேரிடம் 12 வாரம் சோதித்த முடிவு 2025-ல் வந்தது, நம்பிக்கையாகவே இருக்கிறது. நான் அதைக் குறை சொல்லவில்லை. ஆனால் கணினி படித்தது மனிதத் திசுவிலிருந்து எடுத்த தரவை. நம் ஊர் நுரையீரலின் தரவு அதில் எவ்வளவு இருக்கும் என்று யோசியுங்கள்.

நம் ஊர் நுரையீரலுக்கு வருகிற கேடு வேறு என்பதற்குச் சான்று உண்டு. 2012 முதல் 2015 வரை இந்தியாவின் 19 ஊர்களில் 27 மையங்கள் சேர்ந்து, நுரையீரல் திசு கெடும் நோய்கள் கொண்ட 1,084 பேரைப் பதிவு செய்தன. மேலை நாடுகளில் முதலிடத்தில் பேசப்படும் ஐ.பி.எஃப். இங்கே 13.7 சதவீதம்தான். பாதிக்குக் கொஞ்சம் குறைவாக, 47.3 சதவீதம் பேருக்கு இருந்தது ஒவ்வாமையால் வரும் நுரையீரல் அழற்சி. அவர்களில் ஏறத்தாழ பாதிப்பேர் வீட்டில் ஏர்கூலர் வைத்திருந்தவர்கள், ஈரத் தட்டியில் வளரும் பூஞ்சை மீது சந்தேகம். பறவை எச்சமும் காரணம். பெங்களூர் அடுக்குமாடிகளில் பால்கனிக்குப் பால்கனி வலை கட்டியிருப்பது ஏதோ துணி அழுக்காகிறது என்பதற்காக மட்டும் அல்ல. இந்த வகைத் தழும்புக்கு என்றே யாராவது மூலக்கூறு செய்கிறார்களா? நின்டெடனிப் கொடுக்கிறோம், ஏனென்றால் அதுதான் கையில் இருக்கிறது.

இதைவிடக் கேட்பாரற்றுக் கிடப்பது சிலிக்கோசிஸ், கல் தூசியால் நுரையீரலில் தழும்பேறும் நோய். ஜிகணியில் எங்கள் ஆய்வகங்கள் இருக்கும் அதே தொழிற்பேட்டைப் பகுதியில் கிரானைட் அறுக்கும் பட்டறைகள் வரிசையாக இருக்கின்றன. பெரிய அறுவை தண்ணீர் பாய்ச்சிக்கொண்டே நடக்கும், அதில் தூசி குறைவு. கடைசியில் சமையல் மேடைக்கு ஓரம் வளைத்து மெருகேற்றுவது மட்டும் கை கிரைண்டரில், பல நேரம் உலர்ந்த கல்லில். பார்க்கிறவனுக்கு ஆள் தெரியாது, வெள்ளைப் புகை தெரியும். புருவம், இமை, காது மடல் எல்லாம் மாவு. மூக்கில் கட்டியிருப்பது சட்டைத் துணி. சாயங்காலம் அவரும் நானும் ஒரே பஸ் ஸ்டாப்பில் ஓசூர் பஸ்ஸுக்கு நிற்கிறோம். எங்கள் ஆய்வகத்தில் ஒரு பிடி சிலிக்கா ஜெல்லை ஹுட்டுக்கு வெளியே கொட்டினால் பாதுகாப்பு அதிகாரி ஓடி வருகிறார். இத்தனைக்கும் அது படிகமில்லாத, ஒப்பிட்டால் சாதுவான சிலிக்கா. சாலைக்கு அந்தப் பக்கம் பறப்பது படிக சிலிக்கா. அது மனிதருக்குப் புற்றுநோய் தரும் என்று உலகப் புற்றுநோய் ஆய்வு முகமை 1997-லேயே முதல் வகுப்பில் சேர்த்துவிட்டது. ஒரே தூசி, தழும்பு ஒரு பக்கம், புற்று இன்னொரு பக்கம், நடுவில் காசநோயும் வந்து ஒட்டிக்கொள்ளும்.

நான் கோலார் தங்கவயல்காரன். ஆண்டர்சன்பேட்டை. சுரங்க லைன் வீடுகளில் இருமல் என்பது ஆளை அடையாளம் காட்டும் குரல், யார் வருகிறார்கள் என்று தெருமுனையிலேயே தெரியும். 1940-களில் கோலார் சுரங்கத் தொழிலாளர்கள் 7,653 பேரைச் சோதித்ததில் 43.7 சதவீதம் பேருக்குச் சிலிக்கோசிஸ் இருந்ததாகப் பதிவு இருக்கிறது. நாட்டில் இந்த நோயைப் பற்றிய முதல் பெரிய கணக்கே அங்கிருந்துதான் வந்தது. அவர்களில் பெரும்பாலோர் வட ஆற்காட்டிலிருந்தும் சேலத்திலிருந்தும் போன தமிழர்கள். 2001 பிப்ரவரி 28-ல் சுரங்கம் மூடியது. இன்று அவர்கள் பேரப்பிள்ளைகள் விடியற்காலை மாரிக்குப்பத்தில் ரயில் ஏறி பெங்களூருக்கு வேலைக்கு வருகிறார்கள், சிலர் கட்டிடத்துக்கு, சிலர் கல்லுக்கு. சட்டப்படி சிலிக்கோசிஸ் அரசுக்குத் தெரிவித்தே ஆக வேண்டிய நோய். தெரிவித்த பிறகு கொடுக்க அந்த நோய்க்கென்று வந்த மருந்து நம் மருத்துவரிடம் இல்லை. சீனாவில் மட்டும் டெட்ரான்ட்ரின் என்ற தாவர மூலக்கூறைப் பல பத்தாண்டுகளாகக் கொடுத்து வருகிறார்கள்.

ஒன்றை இங்கேயே சொல்லிவிட வேண்டும், இல்லாவிட்டால் தொழிலாளர் துறை நண்பர்கள் என்னிடம் சண்டைக்கு வருவார்கள். தூசியை நிறுத்துவதுதான் முதல் மருந்து. ஈரத்தில் அறுப்பதும் உறிஞ்சும் குழாய் வைப்பதும் எந்த மூலக்கூறையும்விட மலிவு. ஆஸ்திரேலியா செயற்கைக் குவார்ட்ஸ் கல்லையே 2024 ஜூலை முதல் தடை செய்துவிட்டது. மாத்திரை வரப்போகிறது என்று சொல்லி எந்தப் பட்டறை முதலாளியும் தண்ணீர்க் குழாயை மூட இந்தக் கடிதம் சாக்காக வேண்டாம். ஆனால் இருபது வருடம் தூசி தின்றவருக்கு இனிமேல் தண்ணீர் ஊற்றிப் பயனில்லை. தூசியை விட்டு விலகிய பிறகும் இந்த நோய் வளரும். எங்கள் வேலை அவருக்காக.

இனி நான் கேட்கும் ஏற்பாட்டுக்கு வருகிறேன். நுரையீரல் மாற்று அறுவை சிகிச்சை நடக்கும்போது பழைய நுரையீரல் வெளியே வருகிறது. நோய்க்கூறியல் துறைக்கு ஒன்றிரண்டு துண்டு ஃபார்மலினில் போகும். மீதி பெரும்பாலும் மருத்துவக் கழிவு. எங்களைப் போன்றவர்களுக்கு அது தங்கம். அகரோஸ் ஊற்றி இறுகவைத்து, அரை மில்லிமீட்டருக்கும் குறைவான வில்லைகளாகச் சீவினால், ஒரே நுரையீரலில் நூற்றுக்கணக்கில் கிடைக்கும். ஊட்டநீரில் சில நாள் உயிரோடு இருக்கும். மருந்தை நேராக அதன் மேல் விட்டு, கொலாஜன் உற்பத்தி குறைகிறதா என்று பார்க்கலாம். எலிக்கு முன்பே மனிதனைக் கேட்டுவிடலாம்.

இந்த அறுவை சிகிச்சை நாட்டில் அதிகம் நடக்கும் ஊர்களில் சென்னை முக்கியமானது. ஐஸ் பெட்டியில் அந்தத் திசு ஓரிரவு தாங்கும். சென்னையிலிருந்து வந்தே பாரத் நாலரை மணி நேரத்தில் பெங்களூர் வந்துவிடுகிறது. தடையாக நிற்பது தூரமல்ல, காகிதம். மாற்று நுரையீரல் பெறப்போகும் நோயாளியிடம், உங்கள் பழைய நுரையீரலை ஆய்வுக்குத் தருகிறீர்களா என்று அவர் மொழியில் கேட்கும் ஒரு சம்மதப் படிவம். ஒவ்வொரு மருத்துவமனை நெறிமுறைக் குழுவும் முதலிலிருந்து தொடங்காமல் எல்லோரும் ஏற்கும் ஒரு பொது வரைவு. திசு கைமாறும் ஒப்பந்தத்துக்கு ஒரு மாதிரி. அப்புறம், அதிகாலை இரண்டு மணிக்கு அறுவை அரங்கு வாசலில் பெட்டியோடு நிற்க ஒரு சம்பள ஆள். தமிழ்நாட்டில் டிரான்ஸ்டானும் கர்நாடகத்தில் ஜீவசார்த்தகதேயும் உறுப்பு மாற்றத்தை ஏற்கெனவே ஒழுங்காக நடத்துகின்றன. அவர்களை உட்காரவைத்துப் பேச மாநில எல்லையைத் தாண்டிய ஓர் அலுவலகம் வேண்டும், அது நீங்கள்தான்.

பெங்களூர் கித்வாய் புற்றுநோய் மருத்துவமனையில் நுரையீரல் புற்றுக்காக ஒரு மடலை வெட்டி எடுக்கும்போது கட்டியைச் சுற்றியுள்ள திசுவையும் இதில் சேர்க்கலாம். ஓசூர், கிருஷ்ணகிரி, தருமபுரியிலிருந்து அங்கே போகிறவர்கள் ஏராளம். தழும்பும் புற்றும் ஒரே துண்டில் பக்கம் பக்கமாகக் கிடைப்பது அங்கேதான். கெட்டித் திசுவை உணரும் எஃப்.ஏ.கே. என்ற கைனேஸைத் தடுக்கும் டெஃபாக்டினிப், இன்னொரு மருந்தோடு சேர்ந்து, ஒருவகைச் சூலகப் புற்றுக்கு 2025 மே மாதம் அமெரிக்காவில் அனுமதி பெற்றது. அதே மூலக்கூறு சிலிக்கா நுரையீரலில் என்ன செய்கிறது என்று பார்க்க எனக்குக் கை பரபரக்கிறது. மூலக்கூறை இரண்டு மாதத்தில் செய்துவிடுவோம். வில்லை இல்லை.

இது புது யோசனையும் இல்லை. உங்கள் துறையின் ஆதரவில் தில்லி ஐ.எல்.பி.எஸ்.ஸில் கல்லீரல் நோய் உயிரிவங்கி இயங்குகிறது. சென்னை ஐ.ஐ.டி.யில் தேசியப் புற்றுநோய்த் திசு வங்கி இருக்கிறது. ஐ.சி.எம்.ஆர். 2017-ல் வெளியிட்ட நெறிமுறைகளில் உயிரிவங்கிக்கென்று ஓர் அத்தியாயமே உண்டு. 2023-ல் மருந்துப் பரிசோதனை விதிகளைத் திருத்தி, விலங்குக்குப் பதிலாக ஆர்கனாய்டு, உறுப்புச் சில்லு போன்ற மனிதச் செல் முறைகளையும் ஏற்கலாம் என்று அரசே சொல்லிவிட்டது. சட்டம் தயார், நெறிமுறை தயார். தழும்பேறிய நுரையீரலை, அதுவும் உறையவைத்த துண்டாக இல்லாமல் உயிருள்ள வில்லையாக, கேட்டு வாங்க ஒரு சன்னல் மட்டும் எங்களுக்கு இல்லை.

பதிவேடு இன்னும் எளிது. இ.எஸ்.ஐ. மருத்துவமனைகள், ஜிகணி, தங்கவயல் போன்ற இடங்களில் சிலிக்கோசிஸ் உறுதியானவர்களை ஆண்டுக்கு இருமுறை ஸ்பைரோமெட்ரியில் ஊதவைத்து, ஒருமுறை சி.டி. எடுத்து, ஒரே முறையில் குறித்துவையுங்கள். சிலிக்கோசிஸ் நோயாளி வருடத்துக்கு எத்தனை மில்லி இழக்கிறார் என்ற எண் கையில் இல்லாமல், மருந்து அதைப் பாதியாக்கியது என்று யாரும் நிரூபிக்க முடியாது. அந்த எண் இருந்தால் மருந்துக் கம்பெனிகள் தாமாகவே வரும். இந்தப் பதிவேட்டில் பெயர் இருப்பதற்காகத் தொழிலாளியின் வேலை போகக் கூடாது என்பதை மட்டும் முதல் பக்கத்திலேயே எழுதிவிடுங்கள். இல்லாவிட்டால் ஒருவரும் ஊத வரமாட்டார்.

பணத்தைப் பற்றி. பைராக்கின் பிக் மானியம் ஐம்பது லட்சம் வரை, பதினெட்டு மாதம். ஒரு யோசனையைத் தொடங்கிவைக்க அருமையான திட்டம், அதில் வளர்ந்த கம்பெனிகள் இந்த ஊரில் பல. ஆனால் ஃபைப்ரோசிஸில் ஒரு நல்ல இலக்கை மனிதத் திசுவில் உறுதி செய்யவே பதினெட்டு மாதம் போய்விடும். மறுமுனையில், 2025-ல் அமைச்சரவை ஒப்புதல் கொடுத்த ஒரு லட்சம் கோடி ரூபாய் ஆய்வு நிதி தொழில்நுட்பத் தயார்நிலை என்ற, யோசனை முதல் சந்தை வரை எண்ணும் ஏணியில் நான்காம் படியிலும் அதற்கு மேலும் உள்ளவற்றுக்குத்தான். மருந்துத் துறையின் 5,000 கோடி பிரிப் திட்டத்துக்கும் கையில் சரக்கோடு போனால்தான் மரியாதை. நான் சொல்லும் திசு ஏற்பாடு நான்காம் படிக்குக் கீழே கிடக்கிறது, எந்த ஒரு கம்பெனிக்கும் சொந்தமாகாது, அதனால் எவரும் கடன் வாங்கி அதைச் செய்யமாட்டார். பொதுப்பணம் போக வேண்டிய இடம் இது மாதிரி வேறு இல்லை.

மதிப்பீட்டுக் குழுக்களிடம் ஒரு தனி வேண்டுகோள். எத்தனை மூலக்கூறு செய்தீர்கள், எத்தனை காப்புரிமை என்று கேட்பதை நிறுத்துங்கள். நூறு மூலக்கூறு செய்வது எங்களுக்கு ஒரு காலாண்டு வேலை. மனித வில்லையில் வேலை செய்யவில்லை என்று ஆறாம் மாதமே தெரிந்து, திட்டத்தை நிறுத்தி, மீதிப் பணத்தைத் திருப்பிக் கொடுத்த குழுவுக்கு அடுத்த மானியத்தில் முன்னுரிமை கொடுங்கள். இப்போது நிலைமை தலைகீழ். எலியில் நன்றாக வந்த படத்தைக் காட்டி நீட்டிப்பு வாங்குகிறவருக்குத்தான் காலம்.

திசு வந்தால் முதலில் எதைப் போடுவீர்கள் என்று கேட்பீர்கள். பிர்ஃபெனிடோன், நின்டெடனிப், டெட்ரான்ட்ரின், சரோகிளிட்டசார். நாலும் பழைய சரக்கு, காப்புரிமைக் கவர்ச்சி இல்லாதவை. சிலிக்கா நுரையீரல் வில்லையில் இவை என்ன செய்கின்றன என்ற அடிப்படை அளவு கிடைத்த பிறகுதான் எங்கள் சொந்த மூலக்கூறுகள். முடிவு எதுவானாலும், வேலை செய்யாததையும் சேர்த்து, எல்லோரும் பார்க்கும்படி வெளியிட வேண்டும் என்று நிபந்தனை போடுங்கள், கையெழுத்துப் போடுகிறோம்.

இந்தக் கடிதத்துக்கு ஒப்புகைச் சீட்டு வேண்டாம். சென்னை, பெங்களூர் மருத்துவமனைகளின் நெறிமுறைக் குழுச் செயலாளர்கள், டிரான்ஸ்டான், ஜீவசார்த்தகதே, சி-கேம்ப் ஆகியோரை ஒரே மேசைக்கு அழைக்க ஒரு தேதி போடுங்கள். சம்மதப் படிவத்தின் தமிழ், கன்னட வரைவுகளை நாங்கள் சிலர் சேர்ந்து எழுதிவைத்திருக்கிறோம், திருத்தத்துக்குத் தயார். பெட்டியோடு இரவில் நிற்க ஆள் கிடைக்கும் வரை அந்த வேலையையும் முறைபோட்டுப் பார்த்துக்கொள்கிறோம். ஓசூரிலிருந்து வரும் இரண்டு பேர் ஏற்கெனவே பெயர் கொடுத்துவிட்டார்கள்.

இப்படிக்கு,
பெங்களூரில் வேலை பார்க்கும் ஒரு மருந்து வேதியியலாளர்